கஞ்சி போடாத துணி

தம்பி,

நீ கொச்சியில் ரெக்கார்டிங் முடிந்து வீடு திரும்பும்போது இந்தக் கடிதம் கீழறையில் உன் மிக்ஸிங் மேஜை மேல் இருக்கும். பையைக்கூடக் கழற்றாமல் நேரே கீழே இறங்குகிறவன் நீ, அதனால் வேறு யார் கண்ணிலும் படுமுன் உன் கையில் கிடைத்துவிடும். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதாம்மா என்று கேட்பாய். போனில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் விளங்குகிறது. மீதியை நானாக ஊகித்து 'சரி, சரி' என்று சொல்லி வைத்துவிடுகிறேன். பல வருடமாக உன்னிடமும் ஊரிலுள்ள எல்லோரிடமும் நான் சொல்லிவரும் அந்தச் 'சரி'யைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் கல்யாணம் நெருங்கிவிட்டது. நிவேதாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நீ நினைக்கிறாய். அவளோ, எனக்குத்தான் அவளைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறாள். இரண்டும் தப்பு. அது தப்பென்று அவளுக்குப் புரியவைக்க எனக்கு உன்னுடைய அந்த அறை வேண்டியிருந்தது. அதனால்தான் முந்தாநாள் நீ அனுப்பிய தச்சரைத் திருப்பி அனுப்பினேன்.

ஏழுமலை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் சொன்னது புரிந்தது. "தம்பி போன் பண்ணிகிறாரும்மா. கீய சொவுத்துல மாட்டிக்கிற பலகையெல்லாம் கயட்டிக்கினு ஆதம்பாக்கம் எட்துக்கினு போவணுமாம். அளவு பாத்துட்டு போய்ட்றேன்" என்றார். புது வீட்டில் ஒரு சின்ன அறையை நீ ஸ்டுடியோ ஆக்கப்போகிறாய், அதற்கு இந்தப் பலகைகள் வேண்டும், எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். நானே தலையாட்டிய விஷயமும்கூட. ஆனால் அந்த மனிதர் படியில் கால் வைத்ததும் எனக்குப் பகீரென்று ஆகிவிட்டது. "இப்ப வேண்டாம், சொல்லி அனுப்புறேன்" என்று விரட்டாத குறையாக அனுப்பிவிட்டேன். சாயங்காலம் நீ போனில் கத்தினாய். கத்தினாய் என்பது அப்பா சொல்லித்தான் தெரியும். எனக்குக் கேட்டதெல்லாம் ஒரு இரைச்சல், நான் சொன்னது வழக்கம்போல ஒரு 'சரி'.

எனக்குக் காது மந்தம், தம்பி. வயதாகிவிட்டது, ஏதோ கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றுதான் உனக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது, தெரியாமல் பார்த்துக்கொண்டேன். தி. நகரில் ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தே என் ஆயுசில் பாதி போயிருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரத்தில் அந்தத் தெருவில் கடைக்குக் கடை ஸ்பீக்கர் கட்டி அலறும்போது, யாருக்கு எது கேட்கிறது? நீ பிறப்பதற்கு முன்பே நான் வாயசைவைப் பார்த்து வியாபாரம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டேன். பிறகு கூட்டமில்லாத நாளிலும் கேட்கவில்லை என்றானபோது, அந்தப் பழக்கமே எனக்குக் கவசமாகிவிட்டது. வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் பொருந்துகிற மாதிரி ஒரு நாலைந்து பதில்கள் கைவசம் இருந்தன. "அதுக்கென்ன, பண்ணிடலாம்." "மாடியில பாருங்க." "அதெல்லாம் கடைப் பொண்ணு பாத்துக்கும்." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. நம்பமாட்டாய், பத்துக்கு எட்டுப் பேர் திருப்தியாகப் போவார்கள்.

வீட்டில்தான் கவசம் உதவவில்லை. நம் கோபாலபுரம் வீட்டு ஹாலை உன் தாத்தா பார்த்துப் பார்த்துக் கட்டினார். கல் தரை, உயரமான சுவர், சாப்பாட்டு அறை வரைக்கும் ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. ஜவுளிக்கடைக்காரர் வீட்டு ஜன்னலில் துணி இல்லையே என்று உன் சித்தி கேலி செய்வாளே, அந்த வீடு. அங்கே நாலு பேர் சேர்ந்து பேசினால், எனக்கு யாரோ அண்டாவை உருட்டுகிற மாதிரி இருக்கும், சாயங்காலமானால் தலைவலி வந்துவிடும். அடையாறில் டாக்டரைப் பார்த்து மெஷின் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு வந்தேன். அண்டா பெரிதானதுதான் மிச்சம். தட்டு வைக்கிற சத்தம், மின்விசிறி, சுவரில் பட்டுத் திரும்பும் பேச்சு, எல்லாம் ஒன்றாக அடித்தது. மெஷினைக் கழற்றிப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். அதன்பிறகுதான் நான் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டேன். 'அடுப்படியில வேலை இருக்கு' என்பேன். நீங்களும் நம்பினீர்கள்.

இனிக் கீழறைக்கு வருகிறேன். அது நம் கடையின் குடோனாக இருந்த காலத்தில், துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நீ கீபோர்டு வாசிப்பாய். 'அம்மா, இந்த இடத்துல சவுண்ட் எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு' என்பாய். பையன் படிக்காமல் ஒளிந்துகொள்ள ஒரு சாக்கு என்றுதான் நான் நினைத்தேன். பிறகு ஒரு பெருமழையில் தெருத் தண்ணீர் வென்டிலேட்டர் வழியாக இறங்கி, அடி மூட்டைகள் ஊறிப்போய், குடோனைக் கடை மாடிக்கே மாற்றிவிட்டோம். காலியான அறையை நீ கேட்டாய். வென்டிலேட்டரைப் பூசி, சுவர் ஈரம் காய்ந்து, உன் சாமான்களை இறக்கி முதல்முதலில் ஒரு பாட்டைப் போட்டபோது உன் முகம் விழுந்துவிட்டது. கையை ஒருமுறை தட்டினாய். சுவருக்குச் சுவர் அந்தச் சத்தம் ரீங்கரித்துக்கொண்டே போனது. அது எனக்குக்கூடக் கேட்டது. "மூட்டைங்கதாம்மா இத்தனை நாள் சத்தத்தைக் குடிச்சிட்டிருந்துச்சு" என்றாய். நம் சரக்கு இந்த வேலையும் பார்த்திருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் நாம் இருவரும் அந்த அறையில் அடித்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஆளாளுக்கு வந்து யோசனை சொன்னார்கள். முட்டை அட்டையை ஒட்டு என்றார் அடுத்த வீட்டுக்காரர். அவருக்கு வேண்டியது உன் சத்தம் அவர் வீட்டுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். வெளியே போகிற சத்தத்தைத் தடுப்பது வேறு வேலை, உள்ளே அலைகிற சத்தத்தை அடக்குவது வேறு வேலை என்று நீ அவருக்குப் பொறுமையாகச் சொன்னாய். அவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள், கடையில் புடவையைத் தோளில் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடியில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாய். நீ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாய். நான் அந்தக் கண்ணாடியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தபடி நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர வேண்டும். எந்த இடத்தில் உனக்குக் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கேதான் சத்தம் சுவரில் பட்டு உன் காதுக்குத் திரும்புகிறதாம், அங்கே ஒரு பலகை. 'நில்லு, நில்லு, அங்கதான்' என்று நீ கை காட்ட, அப்பா சாக்பீஸால் கோடு போட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் சண்டை போடாமல் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

பலகை என்றால் மரச்சட்டம், அதற்குள் ராக்வூல் என்ற பஞ்சுப் பாளம், அதை மூட ஒரு துணி. பஞ்சு தொட்டால் அரிக்கும் என்று நீ கையுறை போட்டுக்கொண்டு நின்றாய். துணிக்கு மட்டும் என்னிடம் வந்தாய். நானும் ஆசையாக, விற்காமல் நின்ற பட்டு ரகங்களை எடுத்து விரித்தேன். ஜரிகைக் கரை போட்டு மூடினால் அறையே கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்குமே என்றேன். நீ ஒவ்வொன்றாக வாயருகே வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் தள்ளினாய். "காத்து அந்தப் பக்கம் போகணும்மா. காத்து போனாத்தான் சத்தமும் உள்ள போகும்" என்றாய். கடைசியில் நீ தேர்ந்தெடுத்தது காடாத் துணி. மெத்தை உறைக்குள் மறைத்துத் தைக்கிற காடா! நாலு தலைமுறையாகத் துணி விற்கிற வீட்டில் வருகிறவர்கள் கண்ணெதிரே காடாவைத் தொங்கவிடுவதா என்று எனக்கு மானம் போயிற்று. நீ என் புலம்பலைக் கண்டுகொள்ளாமல், தறியில் ஏற்றிய பசை போக அதை இரண்டு முறை அலசி, மாடியில் காயப்போட்டுவிட்டு வேலையாக வெளியே போய்விட்டாய்.

காய்ந்த துணி சுருங்கித் துவண்டு கிடந்ததைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. துணி என்றால் விறைப்பாக, மடிப்பு நிற்கும்படி இருக்க வேண்டும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. மொத்தத்தையும் சலவைக்காரரிடம் கொடுத்து, கெட்டியாகக் கஞ்சி போட்டு, பெட்டி தேய்த்து வாங்கி, நீ வருவதற்குள் அடுக்கி வைத்துவிட்டேன். நீயும் கவனிக்கவில்லை. அவ்வளவு பலகையையும் மூடி, ஸ்டேப்ளர் துப்பாக்கியால் அடித்து, சுவரில் மாட்டியும் ஆயிற்று. மாட்டின பிறகும் பாட்டில் 'ஸ' வருகிற இடமெல்லாம் சீறுகிறது என்று நீ தலையைப் பிய்த்துக்கொண்டாய். பஞ்சு மட்டம் என்றாய், சட்டம் கோணல் என்றாய், ஏழுமலையைக்கூடச் சந்தேகப்பட்டாய். இது என் கைவேலை என்று எனக்குத் தெரியவே இல்லையே! கடைசியில் ஒரு பலகையில் வாயை வைத்து ஊதினாய். காற்று உன் முகத்திலேயே திரும்பி அடித்தது. விரலால் சுரண்டினாய், நகத்தில் வெள்ளையாகக் கஞ்சி. திரும்பி என்னைப் பார்த்தாயே ஒரு பார்வை.

திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். நீ தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "நான் அலசி எடுத்த பசைய காசு குடுத்துத் திரும்ப ஏத்திருக்கியேம்மா!" என்றாய். மூன்று பேருமாக ஒவ்வொரு பின்னாகப் பிடுங்கி, துணியை மாடித் தொட்டியில் ஊறப்போட்டு, கஞ்சித் தண்ணீர் வடிய வடிய அலசி, மறுபடி மூடினோம். அன்றைக்கு நீ என்மேல் ஒரு வார்த்தை கோபப்பட்டிருந்தாலும் நான் பிறகு அந்த அறைக்கு இறங்கியிருக்க மாட்டேன். என் ரோஷம் உனக்குத் தெரியும். இறங்காமல் இருந்திருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது. அந்தச் சிரிப்புக்கு உனக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

அறை தயாரானதும் பட்டினப்பாக்கத்திலிருந்து உன் நண்பன் ஒருவன் பாட வந்தான். நான் காபி கொண்டுவந்தபோது எனக்கு முதுகைக் காட்டி உன்னிடம், "மச்சி, இன்னா ரூம்டா! என் கொரலு எனுக்கே புச்சா கீது" என்றான். நான் டம்ளரை வைத்துவிட்டு மேலே வந்து அப்பாவிடம், 'அந்தப் பையன் பேச்சைக் கேட்டீங்களா' என்று அப்படியே சொல்லிச் சிரித்தேன். வாயைப் பார்க்காமல் ஒரு அந்நியன் பேசியது எனக்கு எப்படிக் கேட்டது என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

உறைத்தது மழைக்காலத்தில். அடையாறு டாக்டரிடம் மறுபடி அழைத்துப் போய், மெஷினைச் சரிசெய்து, மாட்டிக்கொண்டேதான் வர வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிவிடுவது என்று நான் முடிவோடு வந்தேன். ஆனால் வழியெல்லாம் மழை. கீழறையில் ஈரம் கசிந்திருக்குமோ என்று பயந்து நேரே இறங்கினேன். சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் இறங்கி வந்தது தெரியாது. உன் அப்பா பேச்சு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? பாதி வாய்க்குள், பாதி மீசைக்குள். அந்தப் பேச்சில், என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஏளா, தலவலி தேவலையா?" என்றார்.

"தேவலைதான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அப்படியே நின்றுவிட்டேன். அவரும் நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்து, "இப்ப என்ன கேட்டீங்க?" என்றேன். "தலவலி தேவலையான்னு கேட்டேன்." "எத்தன நாளா இப்படிக் கேக்குதீங்க?" என்றேன். அவருக்குக் குழப்பம். "தெனமுந்தான் கேக்குதேன். கடையிலருந்து வந்ததும் கேப்பேன். நீ பேசாம அடுப்படிக்குப் போயிருவ. கோவம்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். தம்பி, நான் அந்தக் காடாத் துணியில் சாய்ந்துகொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். இந்த மனுஷர் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார் என்று எத்தனை நாள் உள்ளுக்குள் வைத்துக் குமைந்திருப்பேன். அவர் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். ஹால் சுவரும் என் காதும் சேர்ந்து அதை வழியிலேயே விழுங்கியிருக்கின்றன.

அன்றிலிருந்து நீ ஸ்டுடியோவில் இல்லாத சாயங்காலமெல்லாம் நாங்கள் இருவரும் கீழேதான். மெஷினை மாட்டிக்கொண்டு நான், காபி பிளாஸ்க்கோடு அவர். தூசி தட்ட இறங்குகிறோம் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய், நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். அவருக்குக் கடையைத் தனியாகப் பார்க்கப் பயமாக இருந்ததாம், அதை அங்கே சொன்னார். என் அண்ணன் பேரில் அவருக்கு இருந்த மனத்தாங்கலைச் சொன்னார், அதற்கு ஒரு சண்டையும் போட்டோம். நல்ல சண்டை, ஒரு வார்த்தை விடாமல் இரண்டு பேருக்கும் கேட்டது. குனிந்து செருப்பு மாட்டும்போது அவர் மெல்லப் பாடுவார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நீ உன் தொழிலுக்காகக் கட்டிய அறை, தம்பி. அதில் எனக்கு என் வீட்டுக்காரர் திரும்பக் கிடைத்தார். இதற்கு என்னவென்று நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் உனக்குப் பூரி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ இடுப்பைப் பார்த்துப் பயந்து வேண்டாம் வேண்டாம் என்றாய்.

கல்யாணமாகிப் போகிற பிள்ளைக்கு அம்மா அறிவுரை சொல்ல வேண்டும் இல்லையா. எல்லாச் சுவரையும் மூடிவிட்டால் அறை செத்துப்போகும், கொஞ்சம் வெறும் சுவர் விடணும் என்று நீ சொன்னதை இழுத்துக் குடும்ப வாழ்க்கையோடு முடிச்சுப் போட்டு நான் ஒரு பிரசங்கம் செய்யலாம். செய்யமாட்டேன், நீ கொட்டாவி விடுவாய். ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவளிடம் எதையாவது சொல்லி, பதில் வராவிட்டால், கோபப்படுவதற்கு முன் அவள் காதில் விழுந்ததா என்று பார். அடுத்த அறையிலிருந்து கத்தாதே. எழுந்து போய், முகத்தைப் பார்த்துச் சொல். இதைச் செய்யாமல் உன் அப்பாவும் நானும் தொலைத்தது நிறைய.

இனி நிவேதா விஷயம். முகூர்த்தப் புடவை எடுக்க அவளும் அவள் அம்மாவும் நம் கடைக்கு வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெருக்கித்தள்ளியது. நான் மெஷின் போடவில்லை. கடையில் போட்டால் ஊழியர்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற வீம்பு. அவள் கல்லாவுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து ஏதோ கேட்டாள். வெட்கப்பட்டுக் குனிந்ததால் வாயும் தெரியவில்லை. எனக்கு ஒரு எழுத்துக்கூட விழவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் கடைப் பொண்ணு பாத்துக்கும்மா" என்றேன். அவள் கை மெல்ல நழுவியது. அந்த முகம் போன போக்கைப் பார்த்ததும் ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. என்ன கேட்டாள் என்றுதான் தெரியவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த நேரத்திலெல்லாம் ஹாலில் ஓரமாக உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். அவள் சொல்வது எனக்குக் கேட்காமல், நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். பலகைகளைக் கழற்றுவதற்குள் அவளை ஒருநாள் கீழே உட்காரவைத்து, அன்றைக்கு என்ன கேட்டாள் என்று என் காதால் கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் ஏழுமலையைத் திருப்பி அனுப்பினேன். நீ வந்ததும் அவளை அழைத்து வா.

இதுவரை நேற்று எழுதியது. மேஜை மேல் வைப்பதற்குள் இன்றைக்கு அவளே வந்துவிட்டாள். ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் ரவிக்கை அளவு கொடுத்துவிட்டுப் போக வந்தாளாம். அப்பா கதவைத் திறந்தார். நான் ஓடிப்போய் மெஷினை மாட்டிக்கொண்டு வந்து, "வாம்மா, கீழ போயிப் பேசுவோம்" என்றேன். ஒன்றும் புரியாமல் பின்னாலேயே வந்தாள். கதவைச் சாத்தினேன். உன் நாற்காலியில் அவளை உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தேன். அவளுக்குப் பயமே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். "என்ன அத்தை? அவர் ஏதாவது சொன்னாரா?" என்றாள். எவ்வளவு தெளிவாகக் கேட்டது தெரியுமா! அவளுக்கு இவ்வளவு கணீரென்ற குரல் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"எனக்குக் காது கேக்காதும்மா. இங்க உக்காந்தாக் கேக்கும். அன்னைக்குக் கடையில நீ என்ன கேட்டன்னு சொல்லு" என்றேன். சுற்றி வளைக்கவில்லை. அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்புறம், "அப்போ அன்னைக்கு நான் கேட்டது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "இத்தனை பேருக்குப் புடவை எடுத்துக் குடுத்த கை, என் முகூர்த்தப் புடவைய நீங்களே உங்க கையால எடுத்துக் குடுங்கன்னு கேட்டேன் அத்தை. நீங்க கடைப் பொண்ணு பாத்துக்கும்னு சொல்லிட்டீங்க. வீட்டுக்குப் போயி அழுதேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊரில் எந்த மாமியாராவது இப்படி ஒரு பதில் சொல்லியிருப்பாளா? எடுத்த புடவை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா அதைப் பார்த்தாலே அழுகை வருது" என்றாள். "அத வரவேற்புக்குக் கட்டிக்கோ. நாளைக்குக் காலையில கூட்டம் வர்றதுக்குள்ள கடைக்கு வா. அரக்குல ஒண்ணு மனசுல வச்சிருக்கேன். உன் நிறத்துக்குன்னே தறியில நெஞ்சது" என்றேன். கேட்டதும் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். அதன்பிறகு அவள் பேசினாள் பார், அப்படி ஒரு பேச்சு. நீ பல் துலக்கும்போது மெட்டுப் போடுவது வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறாள். உனக்குத்தான் வாயாடி கிடைத்திருக்கிறாள். எனக்கு அது ரொம்பவும் பிடித்திருக்கிறது.

ஏழுமலையை நாளை மறுநாள் வரச் சொல்லிவிட்டேன். எல்லாப் பலகையையும் எடுத்துக்கொண்டு போ, ஒன்றைக்கூட எனக்காக விட்டுவிட்டுப் போகாதே. மூலையில் நிற்கிற கனமான நாலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புது வீட்டில் அவற்றைத் தரையில் வைக்காதே, ஈரம் இழுக்கும். மேலே சாப்பாட்டு அறைக்கு அப்பாவும் நானுமாகச் சிலவற்றைச் செய்துகொள்கிறோம். கண்ணாடி பிடிக்கத் தெரியும், கோடு போடத் தெரியும், காடாவை நானே அலசிக்கொள்கிறேன். அது நடக்கிறபோது நடக்கட்டும். ஏழுமலை வந்தபோது அவ்வளவு பயந்த நான் இன்றைக்கு எப்படி மனம் மாறினேன் என்று கேட்பாய்.

பேசி முடித்து படி ஏறி மேலே வந்தோம். ஹாலில் டி.வி. ஓடுகிறது, குழாயில் தண்ணீர் விழுகிறது, எனக்கு மறுபடி அந்த அண்டா. நான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து அவள் ஏதோ சொன்னாள். குரல் தெரிந்தது, சொல் தெரியவில்லை. வழக்கமான 'சரிம்மா' என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, தம்பி. விழுங்கிவிட்டேன். நின்று, திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, "எனக்குக் கேக்கல. திரும்பச் சொல்லு" என்றேன். யாரிடமும் நான் இப்படிக் கேட்டதில்லை. உன்னிடம்கூட இல்லை. அவள் கிட்டே வந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்:

"பசிக்குது அத்தை. தோசை இருக்கா?"